கனமான டெலி லென்ஸைக் கையாளுவது எப்படி? சிங்கப்பூரில் பறவைப் படம் எடுக்கத் தொடங்குவோருக்கு

பறவைகளைப் படமெடுக்க ஆசைப்பட்டு 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கியவர்கள் முதல் சில வாரங்களில் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "படமெல்லாம் லேசாகக் கலங்கித் தெரிகிறது, லென்ஸில் ஏதோ கோளாறு." லென்ஸில் கோளாறு இருப்பது அபூர்வம். கிட்டத்தட்ட 3 கிலோ எடையைக் கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் நின்றால் யாருக்கும் கை நடுங்கும். அந்த நடுக்கம்தான் படத்தில் வந்து நிற்கிறது.

அதனால் கீழே சொல்லப்போகும் எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். லென்ஸின் எடையைக் கைத்தசை தாங்கக் கூடாது. விலா எலும்பு, முழங்கால், மோனோபாட் என்னும் ஒற்றைக்கால் தாங்கி, தரை என்று வேறு ஏதாவது ஒன்று தாங்க வேண்டும். கையின் வேலை லென்ஸைத் திருப்புவது மட்டும்.

வாங்கும் முன்

டெலி லென்ஸ் ஏன் கனக்கிறது என்று தெரிந்துகொண்டால் கடையில் தடுமாற மாட்டீர்கள். எஃப் எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும். 600 மில்லிமீட்டர் எஃப்4 லென்ஸ் என்றால் 600ஐ 4ஆல் வகுங்கள். 150 வரும். அதாவது முன்பக்கக் கண்ணாடி குறைந்தது 15 சென்டிமீட்டர் அகலம் இருந்தாக வேண்டும். அதே 600, எஃப்6.3 என்றால் 95 மில்லிமீட்டர் போதும். எடை வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. சோனி 200-600, நிக்கான் 180-600, டாம்ரான் 150-600 போன்ற ஜூம்கள் 2 கிலோவை ஒட்டி இருக்கும். ஜூம் செய்ய முடியாத எஃப்4 பிரைம்கள் 3 கிலோவைத் தாண்டும்.

பழைய பிரைம் லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று யோசிப்பவர்கள் கவனிக்கவும். கேனனின் 600 எஃப்4 லென்ஸ், நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசருடன் முதலில் வந்தபோது 5.36 கிலோ. 2018இல் வந்த மூன்றாம் தலைமுறை 3.05 கிலோ. புதியதில் உள்ளிருக்கும் கனமான கண்ணாடிகளைக் கேமராப் பக்கமாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அதனால் எடை குறைந்ததோடு, முன்பக்கம் தலை சாய்வதும் குறைந்தது. ஒரே எடையுள்ள இரண்டு லென்ஸ்களில் முன்பக்கம் கனப்பது சீக்கிரம் சோர்வைத் தரும். சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா கட்டடங்களில் பழைய கேமரா விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே போனால் விலையைக் கேட்பதற்கு முன்பே லென்ஸை உங்கள் கேமராவில் மாட்டி, கண்ணருகே தூக்கி, ஒரு நிமிடம் அப்படியே நின்று பாருங்கள். அடுத்து ஒரு ஜூம் லென்ஸையும் அதேபோல் பிடித்துப் பாருங்கள். தோளே பதில் சொல்லிவிடும்.

என்னைக் கேட்டால், தொடங்குபவருக்கு 2 கிலோ ஜூம் போதும் என்பேன். பூமலையிலும் ஜூரோங் ஏரித் தோட்டத்திலும் பறவைகள் மனிதர்களுக்குப் பழகியவை. 400 மில்லிமீட்டரிலேயே மாங்குயிலோ மீன்கொத்தியோ படச் சட்டத்தை நிறைத்துவிடும். சுங்கை பூலோவின் சேற்றுப் பரப்பில் தூரத்தில் மேயும் உள்ளான்களுக்குத்தான் 600 கூடப் போதாமல் இருக்கும். ஜூமில் பழகிக் கை நின்ற பிறகு பிரைமுக்குப் போகலாம். முதலிலேயே பல ஆயிரம் வெள்ளியைக் கொட்டிவிட்டு, கனத்துக்குப் பயந்து லென்ஸை அலமாரியில் பூட்டி வைத்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

மாட்டுவதும் தூக்குவதும்

சிறிய லென்ஸில் கேமராவைப் பிடித்தால் லென்ஸ் கூடவே வரும். பெரிய லென்ஸில் லென்ஸைப் பிடிக்க வேண்டும், கேமரா கூடவே வரும். இந்தப் பழக்கம் முதல் நாளிலிருந்தே வந்துவிட வேண்டும். மாட்டும்போது லென்ஸை மேசையிலோ மடியிலோ கிடத்தி, கேமராவை அதை நோக்கிக் கொண்டுபோங்கள். தூக்கும்போது லென்ஸின் அடியில் இருக்கும் காலைப் பிடித்துத் தூக்குங்கள். கேமராவின் வாரில் மட்டும் 2 கிலோ லென்ஸைத் தொங்கவிட்டு நடந்தால், ஒவ்வோர் அடிக்கும் லென்ஸும் கேமராவும் இணையும் மவுண்ட் இழுபடும். வாரை, லென்ஸைச் சுற்றிக் காலைத் தாங்கும் பட்டையான லென்ஸ் காலரில் இருக்கும் வளையங்களில் மாட்டுங்கள். கழுத்தில் போடாமல் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போடுங்கள்.

கையில் பிடித்து எடுக்கும்போது காலரைத் தளர்த்தி, லென்ஸ் காலை மேல்பக்கம் திருப்பிவிடலாம். உள்ளங்கைக்கு இடம் கிடைக்கும். எடுத்து முடித்ததும் அதுவே கைப்பிடியாகவும் ஆகிவிடும். ஒன்று மட்டும் கவனம்: பழைய சில லென்ஸ்களில் காலர் முழுவதும் திறந்துகொள்ளும் வகை. திருகை அரைச் சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள்.

பிடிப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். சுங்கை பூலோவில் ஒரு காலை வேளையில், புது லென்ஸோடு வந்த இளைஞர் ஒருவர் பக்கத்தில் நின்ற மூத்தவரிடம், "அண்ணே, நான் ஷட்டர் வேகத்தை 2000இல் ஒன்று வச்சும் ஷேக் ஆகுதே?" என்று கேட்டார். மூத்தவர் திரையைப் பார்க்கவே இல்லை. "தம்பி, முழங்கை எங்க இருக்கு பாரு" என்றார். இளைஞரின் இடது முழங்கை உடம்பைவிட்டு ஒரு சாண் வெளியே நின்றது. அதை உள்ளே இழுத்து விலாவோடு ஒட்டவைத்ததும் லென்ஸின் முனை ஆடுவது கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

வலது கைப் பழக்கமுள்ளவர் செய்ய வேண்டியது இது. இடது காலை அரை அடி முன்னே வைத்து, பறவை இருக்கும் திசைக்குச் சற்றுச் சாய்வாக நில்லுங்கள். இடது உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து லென்ஸின் அடியில் வையுங்கள். எந்த இடத்தில் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கிறதோ அதுதான் அந்த லென்ஸுக்கு உரிய இடம். பெரும்பாலான ஜூம்களில் அது காலருக்குச் சற்று முன்னால் இருக்கும். ஜூமை நீட்டும்போது முன்பகுதி வெளியே வரும் வகையானால் இடமும் முன்னுக்கு நகரும். இரண்டு முழங்கையையும் விலாவில் ஊன்றுங்கள். வலது கை கேமராவை முகத்தோடு சேர்த்து அழுத்தட்டும். தலையைக் குனிந்து கேமராவுக்குக் கொண்டுபோகாமல், கேமராவை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். புருவ எலும்பு வியூஃபைண்டரில் பதிய வேண்டும். இப்போது இரண்டு முழங்கையும் முகமும் சேர்ந்து மூன்று இடத்தில் தாங்குகின்றன.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஷட்டரைக் குத்தாமல் விரலை உருட்டுவதுபோல் அழுத்துங்கள். மூன்று நான்கு படம் கொண்ட சிறு தொடராக எடுங்கள். முதல் படத்தில் விரலின் அசைவு சேர்ந்திருக்கும். அடுத்தது பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

அப்புறம், லென்ஸைக் கீழே இறக்கப் பழகுங்கள். பறவை திரும்பும், சிறகு விரிக்கும் என்று கண்ணிலிருந்து எடுக்காமலே நிற்பதால்தான் கை சோர்கிறது. அரை நிமிடம் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் இறக்கி, லென்ஸ் காலை இடுப்பில் தாங்கவிட்டு, வெறுங்கண்ணால் பாருங்கள். எச்சமிடுவது, இறகை உதறுவது, தலையைத் தாழ்த்துவது என்று பறவை பறக்கப்போகும் அறிகுறி அநேகமாக முன்கூட்டியே தெரியும்.

உட்கார முடிந்தால் உட்காருங்கள். இரண்டு முழங்கையையும் தொடைக்கும் முழங்காலுக்கும் இடையில் உட்புறமாக ஊன்றினால், நின்று எடுப்பதைவிட எவ்வளவோ நிலைக்கும். ஒரு காலை மண்டியிட்டால் முழங்கையை முழங்கால் சில்லின்மேல் வைக்காதீர்கள், எலும்பின்மேல் எலும்பு வழுக்கும். சில்லைத் தாண்டிச் சதைப்பற்றான இடத்தில் வையுங்கள். கைப்பிடிச் சுவரோ மரமோ இருந்தால் சாயலாம். ஆனால் லென்ஸை நேரடியாகக் கம்பியில் வைத்தால் கம்பியின் அதிர்வும் சேர்ந்து வரும். இடையில் உங்கள் கையோ, மடித்த துண்டோ இருக்கட்டும்.

பறவையைச் சட்டத்துக்குள் பிடிப்பது

600 மில்லிமீட்டரில் வியூஃபைண்டரைத் திறந்தால் இலைகள் மட்டுமே தெரியும், பறவை எங்கே என்று தெரியாது. புதியவர்கள் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். பறவையைப் பார்த்த கண்ணை அதிலிருந்து எடுக்காமல், கண்ணுக்கும் பறவைக்கும் நடுவே கேமராவைத் தூக்கிக் கொண்டுவாருங்கள். ஜூமாக இருந்தால் முதலில் 200க்கு இறக்கி, பறவை சட்டத்துக்குள் வந்தபின் நீட்டுங்கள். பிரைம் என்றால் பக்கத்தில் ஓர் அடையாளம் வேண்டும்: கவட்டைக் கிளை, காய்ந்த இலை, வெளுத்த பட்டை. அதைப் பிடித்து அங்கிருந்து நகருங்கள்.

முன்கூட்டியே ஃபோகஸைத் தோராயமாகச் சரிசெய்து வைப்பது பெரிய உதவி. அருகிலுள்ள இலையில் ஃபோகஸ் நின்றுவிட்டால் தூரத்துப் பறவை முழுக்க மங்கி, சட்டத்துக்குள் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. பறவை 20 மீட்டரில் என்றால் அதே தூரத்தில் இருக்கும் தரையையோ மரத்தையோ ஃபோகஸ் செய்துவிட்டுத் தூக்குங்கள். லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் எல்லைச் சுவிட்சு இருந்தால் தூரத்துக்கு மட்டும் என்று தள்ளிவிடுங்கள்.

இதைப் பழக வேறெங்கும் போக வேண்டாம். வீட்டுக்குக் கீழே புல்வெளியில் மேயும் மைனாவும் புறாவும் போதும். ஒரு மைனாவைப் பார்த்து, கேமராவைத் தூக்கி, ஒரே முயற்சியில் சட்டத்துக்குள் கொண்டுவருவதைத் தினமும் சற்று நேரம் செய்தால் கை தானாகப் பழகும். ஆனால் வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு எதிர் புளோக்கை நோக்கி லென்ஸைத் திருப்பாதீர்கள். நீங்கள் பார்ப்பது கூரைமேல் நிற்கும் புறாவாகவே இருக்கலாம். எதிர்வீட்டில் துணி காயப்போடும் அக்காவுக்கு அது தெரியாது.

மோனோபாட் முதலில், ட்ரைபாட் பிறகு

வேறு ஊர்க்காரர்கள் முதலில் ட்ரைபாட் வாங்கச் சொல்வார்கள். சிங்கப்பூரில் என் கருத்து வேறு. நாம் எம்ஆர்டியிலும் பேருந்திலும் போகிறோம். பறவை பார்க்கும் மறைவுக் குடில்களில் இடம் குறைவு. மரப்பாதைகள் குறுகலானவை. மோனோபாட் எடையை முழுவதும் தரைக்குக் கடத்திவிடும், யாருக்கும் வழியை மறிக்காது.

மோனோபாடை நேராக முன்னால் ஊன்றினால் பக்கவாட்டில் ஆடும். ஓர் அடி முன்னே ஊன்றி, உடம்புப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து, இரண்டு காலையும் அகட்டி நில்லுங்கள். உங்கள் இரண்டு கால், மோனோபாட் ஒன்று, ஆக மூன்று ஊன்றுகோல். உயரத்தைக் கண்மட்டத்துக்குச் சற்று அதிகமாகவே வையுங்கள், மரத்து உச்சியைப் பார்க்கும்போது தேவைப்படும். முன்னும் பின்னும் சாயும் எளிய தலை ஒன்று மேலே இருந்தால் போதும்.

3 கிலோவுக்கு மேற்பட்ட பிரைம் என்றால், ஒரே இடத்தில் காத்திருப்பவருக்கு ட்ரைபாடும், லென்ஸைச் சமநிலையில் தாங்கி எப்பக்கமும் எளிதாகத் திருப்பவிடும் ஜிம்பல் தலையும் தேவைதான். பந்துத்தலை வேண்டாம். திருகைத் தளர்த்திய நொடியில் லென்ஸ் மூக்குப்பட விழும், விரலும் நசுங்கும். ஜிம்பலில் லென்ஸை மாட்டியதும் முதல் வேலை சமநிலை பார்ப்பது. ஒரு கை லென்ஸின் கீழ் இருக்க, சாய்வுத் திருகைத் தளர்த்துங்கள். முன்பக்கம் இறங்கினால் லென்ஸ் காலின் அடியில் திருகிய பிளேட்டைப் பின்னுக்கு இழுங்கள், பின்பக்கம் இறங்கினால் முன்னுக்குத் தள்ளுங்கள். கையை எடுத்தபின் எந்தக் கோணத்தில் விட்டாலும் லென்ஸ் அங்கேயே நிற்க வேண்டும். ஹூடையும், உருவத்தை இன்னும் பெரிதாக்கும் துணை லென்ஸான டெலிகன்வெர்ட்டரையும் மாட்டிய நிலையில் இதைச் செய்து, அந்த இடத்தில் பிளேட்டில் சிறு துண்டு டேப் ஒட்டிவிட்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை. பிளேட்டின் இரண்டு முனையிலும் தடுப்புத் திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிடி தளர்ந்தாலும் லென்ஸ் வழுக்கி விழாமல் காப்பது அதுதான்.

ட்ரைபாடின் தடித்த கால்பகுதிகளை முதலில் நீட்டுங்கள். நடுத்தண்டு இறங்கியே இருக்கட்டும். ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில் இருந்தால், நீங்கள் மற்ற இரண்டுக்கும் நடுவே வசதியாக நிற்கலாம். ட்ரைபாடில் இருந்தாலும் கையைச் சும்மா விடாதீர்கள். காலருக்கு நேர் மேலே இடது கையைப் படியவைத்து, முகத்தைக் கேமராவில் அழுத்துங்கள். ஷட்டரின் சிறு அதிர்வையும் அந்தக் கை விழுங்கிவிடும்.

மரப்பாதையில் ட்ரைபாட் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. யாராவது நடந்து வரும்போது வியூஃபைண்டரைப் பாருங்கள்: அவர் பத்தடி தூரத்தில் இருக்கும்போதே பறவை சட்டத்துக்குள் துள்ளத் தொடங்கும். பலகை அதிர்கிறது. பலகையில் திருகுகள் வரிசையாகத் தெரியும் கோட்டின் கீழேதான் தாங்கு உத்திரம் ஓடுகிறது. ட்ரைபாட் கால்களை முடிந்தவரை அந்தக் கோட்டின்மேல் வையுங்கள், துள்ளல் குறையும். ஆள் கடந்து போனபின் இரண்டு நொடி விட்டு எடுங்கள். தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ வந்தால் ஒரு காலை மடித்து வழிவிடுவது நம் கடமை.

கேமரா அமைப்பு

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையில் பிடித்து, உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1000இல் ஒரு பங்கு, பறக்கும் பறவைக்கு 2000 அல்லது அதற்கு மேல் என்று தொடங்குங்கள். டெய்ரி ஃபார்ம் காட்டுப்பாதை போல இருண்ட இடத்தில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200, 6400 என்று ஏறத்தான் செய்யும், ஏறட்டும். புள்ளிகள் விழுந்த படத்தைக் கணினியில் சரிசெய்யலாம், ஆடிய படத்தை மீட்க முடியாது. கையிலும் மோனோபாடிலும் ஸ்டெபிலைசர் ஓடட்டும். ஷட்டரைப் பாதி அழுத்தி, காட்சி நிலைத்த பிறகு எடுங்கள். பழைய லென்ஸ்களை உறுதியான ட்ரைபாடில் வைக்கும்போது அதை அணைத்துவிடுங்கள்.

வெயில், மழை, ஏர்கான்

இங்கே சூரியன் உதிப்பது 7 மணியை ஒட்டி. அப்போதிருந்து 9.30 வரை வெளிச்சமும் காற்றும் ஒத்துழைக்கும். பத்து மணிக்கு மேல் சேற்றுப் பரப்பிலிருந்தும் தார்ச்சாலையிலிருந்தும் சூடான காற்று எழும்பும். அதன் வழியே 50 மீட்டருக்கு அப்பால் இருக்கும் கொக்கை எடுத்தால், எந்த லென்ஸானாலும் இறகின் கோடுகள் கரைந்துதான் வரும். பிடியில் தவறில்லை, லென்ஸிலும் தவறில்லை. அருகிலுள்ள பறவைக்கு மாறுங்கள், அல்லது நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

ஏர்கான் அறையில் இரவு முழுக்க இருந்த லென்ஸை அப்படியே வெளியே எடுத்தால் கண்ணாடி பூத்துப்போகும். பெரிய லென்ஸில் கண்ணாடியும் உலோகமும் அதிகம் என்பதால் சூடேற நேரமும் அதிகம். முதல்நாள் இரவே பையில் போட்டு மூடி, ஏர்கான் இல்லாத கூடத்தில் வைத்துவிடுங்கள். எம்ஆர்டியிலும் பேருந்திலும் பையைத் திறக்காதீர்கள். கிராஞ்சி நிலையத்தில் இறங்கி 925ஆம் எண் பேருந்தில் சுங்கை பூலோ போனாலும், இறங்கிய பிறகு மூடிய பையோடு இருபது நிமிடம் நடந்துவிட்டுத் திறப்பது நல்லது.

மழை சொல்லாமல் வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராக் காற்று அடித்துக்கொண்டு வந்தால் ஒளிய நேரமே இருக்காது. லென்ஸ் முழுவதும் மூடும் மழையுறையைப் பையின் மேல் அறையில் வையுங்கள். இடி கேட்டால் ட்ரைபாடை மடித்துக் கூரைக்குக் கீழே போய்விட வேண்டும். திறந்த வெளியில் உயர்த்தி வைத்த ட்ரைபாடோடு ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.

உபின் போகும்போது

புலாவ் உபினில் இருவாச்சிகள் பார்ப்பது எளிது. படகில் ஏறுவதுதான் லென்ஸுக்கு ஆபத்தான இடம். சாங்கி முனையில் படகு ஆடிக்கொண்டிருக்கும், படி ஈரமாக இருக்கும். லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டு, பையை முதுகில் மாட்டி, இரண்டு கையும் காலியாக ஏறி இறங்குங்கள். மோனோபாடைக் கூட வருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இருவாச்சி சில வேளை உங்கள் பக்கத்திலேயே நாலடி உயரக் கிளையில் வந்து உட்காரும். அங்கே எஃப்4 பிரைம் வைத்திருப்பவர் தவிப்பார். பல 600 பிரைம்கள் 4 மீட்டருக்கு அருகில் ஃபோகஸ் செய்யாது. பின்னால் பள்ளமோ சைக்கிளோ வருகிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகப் பின்னே நகருங்கள். கனமான லென்ஸைத் தூக்கி வந்த களைப்பில், பறவையை அருகே வரவழைக்கப் பழத்துண்டு போடலாமா என்று சிலருக்குத் தோன்றும். கூடவே கூடாது. காட்டு உயிரினங்களுக்கு உணவிடுவது 2020 ஜூன் முதல் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், மனிதக் கையை நம்பிப் பழகிய பறவைக்கு அது நல்லதல்ல. கூட்டருகே போவதும் அப்படித்தான். நீண்ட லென்ஸ் இருப்பதே தள்ளி நிற்பதற்காக.

வீடு திரும்பியதும்

எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் லென்ஸைப் பையிலேயே விடாதீர்கள். ஈரமான பைக்குள் பூஞ்சை பிடிக்க நம் ஊரைவிட வசதியான இடம் இல்லை. பாசிர் ரிஸ், சாங்கி, உபின் போன்ற கடலோரங்களுக்குப் போயிருந்தால் உப்பு படிந்திருக்கும். சற்றே நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் உலரவிட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் உலர்பெட்டியில் வையுங்கள். பெரிய லென்ஸ் வாங்குபவர்கள் உலர்பெட்டியின் உள்ளளவைச் சேர்த்தே யோசிக்க வேண்டும். பல சிறிய பெட்டிகளில் 600 பிரைம் நுழையாது.

மறுநாள் முன்கை வலித்தால் ஓய்வு கொடுங்கள். முழங்கையின் வெளிப்பக்கம் வலி நீடித்தால் லென்ஸைத் தொடாமல் மருத்துவரைப் பாருங்கள், பிடித்து இழுத்துக்கொண்டே எடுத்தால் ஆறவே ஆறாது.

கடைசியாக, லென்ஸ் காலையும் பிளேட்டையும் இணைக்கும் திருகுகளை அறுகோணச் சாவியால் வாரம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பேருந்தின் அதிர்விலேயே அவை தளரும். சாவி ஒன்றைப் பையின் ஓரத்திலும் போட்டுவையுங்கள்.